பர்கர் கம்பெனிக்கு லாபம் வந்தால் அது செய்தியா?

திருவான்மியூர் திண்ணை (காலை 8:10)

டிப்போ பக்கத்து டீக்கடையில் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தேன். வணிகப் பக்கத்தில் பாதி இடம் ஒரு பர்கர் கம்பெனியின் காலாண்டு முடிவுக்குப் போயிருந்தது. வருவாய் இத்தனை சதவீதம் ஏற்றம், மூன்று வருஷத்தில் இத்தனை புதுக் கடைகள், தலைமை அதிகாரி கைகட்டிச் சிரிக்கும் படம். அதே பக்கத்தின் மூலையில், கட்டைவிரல் அகலத்தில், 19 கிலோ வணிக சிலிண்டரின் விலை மாற்றம். கடைக்கார அண்ணன் டீயை ஆற்றியபடியே, "சிலிண்டர் எவ்ளோ போட்டிருக்கான், படிங்க சார்" என்றார். படித்தேன். "இன்னொரு வாட்டி" என்றார். பர்கரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு கம்பெனி வியாபாரம் செய்தது, லாபம் வந்தது. அது கம்பெனிக்குச் செய்தி, பங்கு வைத்திருப்பவருக்குச் செய்தி. ஊருக்கு என்ன? எங்கள் தெரு முனையில் இருபது வருஷமாக இட்லிக்கடை போடும் அக்கா போன மாதம் இரண்டாவது கிரைண்டர் வாங்கினார். அதுவும் விரிவாக்கம்தானே, யாராவது போட்டார்களா? பர்கர் செய்திக்கு மேலே 'விளம்பரம்' என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் எனக்குச் சண்டையே இல்லை.

மாம்பலம் மங்கை (8:22)

அக்காவின் கிரைண்டர் செய்தி வந்தால் நான் முதலில் படிப்பேன். எத்தனை லிட்டர்?

அரைலாட் (8:41)

ஊருக்கு என்ன என்கிறீர்கள். ஊரில் நானும்தானே இருக்கிறேன்.

2020 டிசம்பரில் பர்கர் கிங் பங்கு வெளியீடு வந்தது. பங்கு 60 ரூபாய், ஒரு லாட் 250 பங்கு, ஆக 15,000 ரூபாய். 156 மடங்கு விண்ணப்பம் குவிந்தது. எங்கள் செக்‌ஷனில் ஒன்பது பேர் போட்டோம், ஒருவருக்குத்தான் விழுந்தது. முதல் நாளே 115 ரூபாய்க்குத் திறந்து, அந்த வாரமே 200-ஐத் தாண்டியது. நாலு வருஷம் கழித்து அதே 60-ஐ ஒட்டி வந்து நின்றது. நான் எதை எந்த விலையில் வாங்கினேன் என்று சபையில் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாலு வருஷமும் "நஷ்டம், நஷ்டம்" என்று காலாண்டுக்குக் காலாண்டு வணிகப் பக்கத்தில் வந்துகொண்டுதான் இருந்தது. படிக்காதவன் கதி அதோகதி.

இன்னொன்று. இவையெல்லாம் அமெரிக்கக் கம்பெனி, நமக்கென்ன என்று நினைக்கிறோம். டோமினோஸை இந்தியாவில் நடத்துவது ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ். மேற்கிலும் தெற்கிலும் மெக்டொனால்ட்ஸ் நடத்துவது வெஸ்ட்லைஃப். கேஎஃப்சி, பீட்சா ஹட் என்றால் தேவ்யானி, சஃபையர். எல்லாம் நம் சந்தையில் பட்டியலான கம்பெனிகள். பில் பணம் முதலில் அங்கே போய், அங்கிருந்துதான் ராயல்டி கடல் தாண்டுகிறது. உங்கள் மியூச்சுவல் ஃபண்டுக்குள் இதில் ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்கலாம், பிரித்துப் பாருங்கள்.

திருவான்மியூர் திண்ணை (8:55)

என்னிடம் இருப்பது தபால் ஆபீஸ் ஆர்.டி. அதில் பர்கர் கிடையாது.

இரவு ஷிப்ட் (9:30)

வணிகப் பக்கம் போடும் கை என்னுடையது. எந்தப் பேப்பர் என்று கேட்காதீர்கள். திட்டுவதென்றால் திட்டுங்கள், ஆனால் அந்தப் பாதிப் பக்கம் எப்படி நிரம்புகிறது என்று தெரிந்துகொண்டு திட்டுங்கள்.

பட்டியலான கம்பெனி ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் 45 நாளுக்குள் (நிதியாண்டின் கடைசிக் காலாண்டு என்றால் 60 நாளுக்குள்) கணக்கைப் பங்குச்சந்தைக்குக் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் சந்தை மூடிய பிறகு, சாயங்காலம் வரும். எண், தேதி, எல்லாம் சுத்தமாக இருக்கும். வழக்கு வராது. எனக்கு எட்டரைக்குப் பக்கம் முடிய வேண்டும். ஏழரைக்கு இரண்டு பத்தி காலியாக இருக்கிறது. நிருபர்கள் இரண்டு பேர், ஒருவர் தலைமைச் செயலகத்தில், ஒருவர் லீவில். அப்போது மின்னஞ்சலில் ஒரு விளம்பர ஏஜென்சியிடமிருந்து தமிழிலேயே எழுதி, தலைப்புப் போட்டு, படத்தோடு ஒன்று வருகிறது. "தமிழகத்தில் கால் பதிக்கிறது." இந்தக் கால் பதிப்பதை மட்டும் நான் எத்தனை தடவை அடித்திருக்கிறேனோ, அந்தக் கம்பெனிகளுக்கு நூறு கால் இருக்க வேண்டும்.

சிலிண்டர் செய்தி கட்டைவிரல் அளவில் இருப்பதற்குக் காரணம் வெறுப்பு இல்லை. எண்ணெய்க் கம்பெனிகள் ஒன்றாம் தேதி ஒரு எண் தருகின்றன. அதற்கு மேல் எழுத வேண்டுமானால் யாராவது பத்து ஓட்டல் ஏறி இறங்க வேண்டும். அந்த 'யாராவது' இல்லை.

பத்திரிகையாளர் சந்திப்புக்கும் போயிருக்கிறேன். கிண்டிப் பக்கம் நட்சத்திர ஓட்டல், துணிப்பையில் ஒரு பேனா, ஒரு நோட்டு, இரண்டு பேர் சாப்பிடக் கூப்பன். கூப்பனை ஆபீஸ் பையனிடம் கொடுத்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா? பாதியைக் கொடுத்தேன்.

அரைலாட் சார் சொன்னதில் ஒரு ஓட்டை உண்டு. படித்தால் மட்டும் தப்பிக்க முடியாது, தலைப்பே ஏமாற்றும். கணக்கைப் பாருங்கள். போன வருஷம் 100 கடை, 100 ரூபாய் விற்பனை. இந்த வருஷம் 120 கடை, 110 ரூபாய் விற்பனை. தலைப்பு: 'விற்பனை 10 சதவீதம் வளர்ச்சி'. பொய் இல்லை. ஆனால் கடைக்குக் கடை வியாபாரம் விழுந்திருக்கிறது. பழைய கடைகளின் விற்பனை தனியாக எவ்வளவு என்று அறிக்கையின் உள்ளே ஒரு வரி இருக்கும், அதுதான் நாடித்துடிப்பு. 2023-24-ல் இந்த செயின் கடைகள் பலவற்றில் அந்த வரி மைனஸில்தான் கிடந்தது. மொத்த வருவாய் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது, புதுக் கடை புண்ணியத்தில். நானே 'வளர்ச்சி' என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். எட்டரைக்குப் பக்கம் முடிய வேண்டுமே.

பழைய மெட்ராஸ் (9:48)

கடை திறப்பதைப் போடுகிறவர்கள் மூடுவதைப் போடுவதில்லை. பிட்சா கார்னர் ஞாபகம் இருக்கிறதா? 1996-ல் நம் சென்னையில் தொடங்கியது. பீட்சா என்றால் என்னவென்று எங்கள் கல்லூரிக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான். அப்புறம் அது பாப்பா ஜான்ஸ் கைக்குப் போய், 2017-ல் அவர்களும் மூட்டை கட்டினார்கள். மலேசியாவிலிருந்து வந்த மேரிபிரவுன் வேறு. அப்போதெல்லாம் பிறந்தநாள் என்றால் அங்கேதான்...

மாம்பலம் மங்கை (9:51)

அண்ணே, இழை தடம் மாறுகிறது. மலரும் நினைவுகளுக்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன்.

கணக்குப்பிள்ளை (10:35)

திண்ணை சார், நான் ஜிஎஸ்டி தாக்கல் செய்து பிழைப்பவன். "ஊருக்கு என்ன" என்ற கேள்விக்கு ஒரு பதில் என்னிடம் உண்டு.

2017 நவம்பர் 15 அன்று ஓட்டல் வரி இறங்கியது. ஏசி ஓட்டலுக்கு 18 சதவீதமாக இருந்தது 5 ஆனது. கூடவே, வாங்கும் சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு 100 ரூபாய்ப் பண்டத்துக்கு 118 கட்டினீர்கள். கழிவு போன நஷ்டத்துக்காக அவர்கள் அடிப்படை விலையைக் கொஞ்சம் ஏற்றுவது நியாயம். எவ்வளவு என்பதில்தான் வில்லங்கம். பல இடங்களில் வரி இறங்கியதும் அடிப்படை விலை ஏறியது, நீங்கள் கட்டிய மொத்தம் கிட்டத்தட்ட அங்கேயே நின்றது.

கொள்ளை லாபத் தடுப்பு ஆணையம் என்று அப்போது ஒன்று இருந்தது. மெக்டொனால்ட்ஸை நடத்தும் ஹார்ட்கேசில் (வெஸ்ட்லைஃபின் துணை நிறுவனம்) 7.49 கோடி ரூபாய் அளவுக்கு வரிக் குறைப்பின் பலனை வாடிக்கையாளருக்குத் தரவில்லை என்று 2018 நவம்பரில் உத்தரவு போட்டது. ஜூபிலன்ட் விஷயத்தில் 2019 ஜனவரியில் 41.42 கோடி. ஜூபிலன்ட் ஒப்புக்கொள்ளவில்லை, டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். பீட்சா கம்பெனியின் விலைப்பட்டியலை அரசு அமைப்பு ஒன்று பண்டம் பண்டமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறது. இது வணிகச் செய்தி இல்லை என்றால் எது வணிகச் செய்தி?

இன்னும் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22-லிருந்து வெண்ணெய், சீஸுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 ஆனது. பன்னீருக்கு வரியே இல்லை. கழிவு வசதி இல்லாத ஓட்டலுக்கு இந்த வரி முழுக்கச் செலவில்தான் சேரும். ஆகவே செலவு இறங்கியிருக்க வேண்டும். உங்கள் பீட்சா விலை இறங்கியதா? பேப்பரைப் பார்க்காதீர்கள், போன வருஷத்து ஆர்டரை ஆப்பில் திறந்து பாருங்கள்.

மாம்பலம் மங்கை (10:58)

திறந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் போன வருஷம் எத்தனை பீட்சா வந்திருக்கிறது என்று தெரிந்ததுதான் மிச்சம்.

பல்லடத்துக்காரன் (11:20)

நான் சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, ஊர் பல்லடம் பக்கம். மாமாவுக்குக் கறிக்கோழிப் பண்ணை. சென்னைக்காரர்களுக்குச் சிக்கன் என்றால் கடைப்பலகை, எங்களுக்குக் காலையில் வரும் கொள்முதல் விலை. நாமக்கல் முட்டை அஞ்சு காசு ஏற்றம், பல்லடம் கறிக்கோழி இவ்வளவு இறக்கம் என்று பேப்பரில் ஒரு வரி வரும் பாருங்கள், எங்கள் பக்கம் ராசிபலனுக்கு முன்னால் படிப்பது அதைத்தான்.

ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, கரண்டு பில், தண்ணீர், கீழே பரப்பும் தேங்காய் நார்த்தூள், ராத்தூக்கம் இதெல்லாம் மாமாவுடையது. நாற்பது நாளைத் தாண்டி, இரண்டு கிலோ சொச்சத்தில் லாரி வந்து பிடித்துக்கொண்டு போகும். வளர்ப்புக் கூலி என்று மாமா கையில் வாங்கியது கிலோவுக்கு ஆறரை ரூபாய். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் கரண்டு போய் ஜெனரேட்டர் எடுக்கவில்லை, கொட்டகை முழுக்க ஈரச்சாக்கு தொங்கவிட்டுக்கொண்டு ஓடினோம். சாயங்காலம் செத்த கோழிகளை எண்ணி நோட்டில் எழுதும்போது மாமாவுக்கு எழுத்து நேராக வரவில்லை.

புரட்டாசி வந்தால் கொள்முதல் விலை தொபுக்கென்று இறங்கும். செயின் கடைப் பலகையில் புரட்டாசி விலை என்று எதையாவது யாராவது பார்த்திருக்கிறீர்களா? அவர்கள் வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு வாங்குவார்கள், விலை ஆடாது, அது அவர்கள் கெட்டிக்காரத்தனம். இருக்கட்டும். ஆனால் வணிகச் செய்தி என்று எழுதுகிறவர் இந்த முனையிலிருந்து ஆரம்பித்தால் நான் முழுப் பக்கமும் படிப்பேன்.

அரைலாட் (11:46)

பல்லடத்தார் சொன்னது உறைக்கிறது. ஆனால் பெரிய கம்பெனி அசைந்தால்தான் சில விஷயம் நம் கண்ணிலேயே படுகிறது. 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கேஎஃப்சி சரக்கு ஏற்றும் கம்பெனியை மாற்றினார்கள். கோழி வந்து சேரவில்லை. சுமார் 900 கடையில் பாதிக்கு மேல் மூடிவிட்டார்கள். கோழிக்கடையில் கோழி இல்லை! அதற்கு அப்புறம்தான் குளிர்பதன லாரி, கிடங்கு என்பதையெல்லாம் பற்றி ஜனங்கள் பேசினார்கள். 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியபோது டெல்லிப் பக்கம் மெக்டொனால்ட்ஸ் பர்கரிலிருந்து தக்காளியைத் தூக்கினார்கள், உலகம் பூராவும் செய்தி.

திருவான்மியூர் திண்ணை (12:05)

அதே ஜூலையில் இங்கே ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றார்கள், சென்னையில் 82 கடை. பையோடு போய் வரிசையில் நின்றேன், ஆளுக்கு ஒரு கிலோ. எனக்கு முன்னால் நின்ற அம்மா, "பர்கர்ல தக்காளி இல்லையாமே, டிவில சொன்னான்" என்றார். சரி, அரைலாட் சார், இந்த ஒன்றை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். பர்கரில் தக்காளி இல்லை என்பதால்தான் டெல்லி டிவிக்குத் தக்காளி விலை தெரிந்தது.

ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. சென்னையில் தினமும் எத்தனை லட்சம் பேர் நம் சைவ ஓட்டல்களில் டிபன் சாப்பிடுகிறார்கள். சரவண பவன், சங்கீதா, அடையார் ஆனந்த பவன். இவர்களின் காலாண்டு முடிவை யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் பங்குச்சந்தையில் இல்லை. அப்படியென்றால் பட்டியலில் இருப்பதுதான் செய்தி, நாம் சாப்பிடுவது செய்தி இல்லை. ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது, 2016-ல், தோசையை வைத்துத்தான் பணவீக்கத்தை விளக்கினார். தோசைக்கல்லும் அதன் முன்னால் நிற்கும் ஆளும் மாறவில்லை, ஆள் கூலி ஏறுகிறது, அதனால் தோசை விலை இறங்காது என்றார். இங்கிலாந்தில் தி எகனாமிஸ்ட் பத்திரிகை 1986-லிருந்து பர்கர் விலையை வைத்து நாட்டுக்கு நாடு நாணய மதிப்பை அளக்கிறது. நம் பேப்பர் ஒன்று மயிலாப்பூரிலிருந்து மாதவரம் வரை மாதாமாதம் மசால் தோசை விலையை எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இரவு ஷிப்ட் (12:20)

மாதாமாதம் சாப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும் என்றால் நானே வருகிறேன்.

சைதை ஸ்டால் (1:15)

நான் ஷவர்மா கடை வைத்திருக்கிறேன், சின்னது. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு ஒரு வருஷத் தடை போட்டது. தடை தப்பு என்று சொல்ல மாட்டேன், 2023-ல் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பிள்ளை போய்விட்டது, அதை நினைத்தால் எனக்கே கை நடுங்கும். செய்தியும் எல்லாப் பேப்பரிலும் வந்தது, 'தடை' என்று. அப்புறம்? முட்டையும் எண்ணெயும் வைத்து நானே அடித்துக்கொண்டிருந்ததை விட்டு பாக்கெட் வாங்க ஆரம்பித்தேன். ஒரு ரோலுக்கு எனக்கு எவ்வளவு ஏறியது, பாதிப் பேர் எதற்கு மாறினார்கள், யார் மூடினார்கள் என்று ஒரு வரி எங்கேயும் என் கண்ணில் படவில்லை. பெரிய செயின்களுக்கு அந்தத் தடையால் ஒரு துளி வித்தியாசம் இல்லை, அவர்கள் ஏற்கெனவே பாக்கெட்தான். நாங்கள் பங்கு வெளியிடவில்லை, அதனால் எங்களுக்குக் காலாண்டும் இல்லை. சாயங்காலக் கூட்டம் வருகிறது, அப்புறம் வருகிறேன்.

நின்றே பார்த்த வேலை (2:40)

எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். வேளச்சேரிப் பக்கம் ஒரு சிக்கன் செயினில் மூன்று வருஷம் இருந்தேன். பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்ணெயைத் தினமும் கருவி வைத்துப் பார்ப்போம். கெட்டுப்போன அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் மாற்ற வேண்டும், 2018-லிருந்து அது சட்டம். எங்கள் கடையில் அதில் ஏமாற்று கிடையாது. அளவு தாண்டினால் கொட்டிவிடுவோம். தெருக்கடையில் சாப்பிடும்போது எனக்கு அது ஞாபகம் வரும். சைதை அண்ணன் கோபிக்க வேண்டாம்.

இப்போது விஷயம். ஒரு நாள் பேப்பரில் வந்தது, தமிழ்நாட்டில் புதிதாக இத்தனை கடை, இத்தனை நூறு பேருக்கு வேலைவாய்ப்பு. மேனேஜர் அதை வெட்டி பிரேக் ரூமில் ஒட்டினார். அதே வாரம் எங்கள் கடையிலிருந்து நாலு பேரைப் புதுக் கடைக்கு மாற்றினார்கள். பதினோரு பேர் நின்ற இடத்தில் ஏழு பேர். மாற்றாக ஆள் வரவில்லை. மேலே ஸ்க்ரீனில் ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் நேரம் ஓடும், தாண்டினால் சிவப்பு. பழைய கடையில் நாலு பேர் குறைந்த பிறகும் சிவப்புக்கு அதே நிமிடம்தான். வெளியே டெலிவரி தம்பிகள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள், அவர்களுக்கும் போனில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஒரு ராத்திரி வறுகூடையை அவசரமாகத் தூக்கி இடது முழங்கையில் எண்ணெய். பர்னால் தடவிக்கொண்டு ஷிப்டை முடித்தேன்.

என் கேள்வி சின்னதுதான். புதுக் கடைக்குப் போன அந்த நாலு பேரும் 'வேலைவாய்ப்பு' கணக்கில் சேர்ந்தார்களா, இல்லையா? அவர்களுக்கு ஏற்கெனவே வேலை இருந்ததே.

கணக்குப்பிள்ளை (2:52)

தம்பி, நாலு பேருக்கும் பி.எஃப். எண் அதேதானா? அதே எண், அதே கம்பெனி என்றால் புது வேலை இல்லை. கணக்கில் தெரிந்துவிடும்.

நின்றே பார்த்த வேலை (2:59)

அதே எண்தான். என்னுடையதும் கூட. அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

திருவான்மியூர் திண்ணை (3:10)

கை இப்போது எப்படி இருக்கிறது தம்பி?

நின்றே பார்த்த வேலை (3:12)

தழும்புதான். வெயிலில் அரிக்கும்.

அரைலாட் (3:30)

ஆட்கள் சம்பளம் விற்பனையில் எத்தனை சதவீதம் என்று காலாண்டு அறிக்கையில் ஒரு வரி வரும். அது குறைந்தால் நாங்கள் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்வோம். பங்கு இரண்டு ரூபாய் ஏறும். அது இந்த நாலு பேர்தான் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இரவு ஷிப்ட் (4:05)

தம்பி, 'இத்தனை நூறு பேருக்கு வேலைவாய்ப்பு' என்ற வரியை நான் எத்தனை தடவை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன் தெரியுமா. எத்தனை பேர் புதிது, எத்தனை பேர் மாற்றல் என்று ஒரு தடவைகூட ஏஜென்சிக்குப் போன் போட்டுக் கேட்டதில்லை. ஒரு போன்தான்.

உங்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன். உங்கள் பெயர், கடை எதுவும் வெளியே வராது. மற்ற மூன்று பேரும் பேசுவார்களா? கணக்குப்பிள்ளை சார், பி.எஃப். விவரத்தில் எதை எப்படிப் பார்ப்பது என்று அரை மணி நேரம் சொல்லித்தர வேண்டும்.

கணக்குப்பிள்ளை (4:11)

இருபதாம் தேதி தாக்கல் முடியட்டும். அதற்கப்புறம் எப்போது வேண்டுமானாலும்.

நின்றே பார்த்த வேலை (4:48)

பார்த்தேன் சார். இரண்டு பேர் பேசுவார்கள், ஒருவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், அவன் பயப்படுகிறான். ஞாயிறு யாருக்கும் லீவு கிடையாது. செவ்வாய் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் என்றால் வருவார்கள். திருவான்மியூர் டிப்போ பக்கம் ஏதோ டீக்கடை என்றார்களே, அங்கேயே உட்காரலாமா?